தங்கப்பன் மூடிய தகடுகள்

உங்களில் பாதிப் பேர் கூரை ஏறுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஏணி இருக்கிறது, கால் இருக்கிறது. ஆனால் போனில் எல்லா அளவும் கோடு கோடாகத் தெரிகிறதே, பிறகு எதற்கு ஏற வேண்டும் என்று கேட்கிறீர்களாம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் மட்டும் வந்த கோபம் அல்ல. நானும் ஒரு மழைக்காலத்தில் பதினாறு நாள் கூரை ஏறாமல் இருந்தவன்தான்.

நம் கம்பெனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உற்சாகமாக நான்கு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகம் என்னிடம் கிடையாது. அந்தப் பதினாறு நாளும் அதற்குப் பிறகு நான் எழுதிய ஒரே ஒரு வரியும்தான் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமானால் படியுங்கள். கேஸ் நிரப்புவது, குழாய் பற்றவைப்பது எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். அதை நான் சொல்லித்தரப் போவதில்லை.

முதலில் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்தத் தாள் உங்கள் வீட்டில் யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் புரியட்டும். நாம் வைப்பது வெயிலின் துணையோடு ஓடும் வெப்பப் பம்பு. கூரையில் கறுப்புத் தகடுகள் இருக்கும். அவற்றுக்குள் ஓடும் திரவம் மிகக் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். அந்தச் சூட்டைத் தகடு வெளியே இருந்து வாங்கிக் கொடுக்கும். கீழே இருக்கும் கம்ப்ரசர் ஆவியை அழுத்திச் சூடேற்றித் தொட்டித் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு பங்கு கரண்டுக்கு எத்தனை பங்கு சூடு கிடைக்கிறது என்ற கணக்குதான் இதன் மதிப்பு. நான்கு கிடைத்தால் கொண்டாட்டம். இரண்டுக்குக் கீழே போனால் எதையோ தப்பாகச் செய்கிறோம் என்று அர்த்தம்.

தகடு வெளியே இருந்து சூட்டை வாங்குகிறது என்றேன். வெளியே என்றால் எங்கே இருந்து? இந்தக் கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் போனது இரண்டு முறை. முதல் முறை எனக்கே தெரியாது. இரண்டாவது முறை தெரிந்தும் சொல்லவில்லை.

முதல் முறை நடந்தது நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு லாட்ஜில். நான் அதுவரை பழைய கண்ணாடிப்பெட்டி சோலார் ஹீட்டர்தான் வைத்துப் பழகியவன். இந்தப் புதிய தகடுகளுக்குக் கண்ணாடி கிடையாது, வெறும் தகடு. லாட்ஜ்காரர் மேலே வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

“கண்ணாடி இல்லாத்த சோலாரு எந்த ஊருல உண்டு? என்னைப் பொட்டனாக்கப் பாக்கியளா?”

எனக்கும் அந்தச் சந்தேகம் உள்ளுக்குள் இருந்தது. அதனால் வாதாடவில்லை. கண்ணாடி வாங்கி எல்லாத் தகடுகளையும் பெட்டிபோல மூடிக் கொடுத்தேன். லாட்ஜ்காரர் சிரித்தார். மழை தொடங்கியதும் தண்ணீர் சூடேறவில்லை. நான் கேஸ் மாற்றினேன், வால்வு மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பொழியூரில் ஐஸ் கம்பெனியில் வேலைபார்த்த ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். தகடு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பீடி தீரும்வரை பார்த்தான்.

“அண்ணே, இதுக்குச் சோறு காத்தாக்கும். வெயிலு வெறும் தொடுகறி. கறி இல்லேண்ணா சோத்தை வாரித் தின்னுட்டு எழும்பிப் போவலாம். நீங்க சோத்துப் பானையைப் பூட்டி வச்சிட்டு, பிள்ளை மெலியுதேண்ணு கரையிதிய.”

கண்ணாடியைக் கழற்றினோம். மழையிலேயே தண்ணீர் சூடேறியது. நம் ஊர் மழைக்காற்று ஈரமும் வெதுவெதுப்புமாக இருக்கும். அந்த ஈரம் குளிர்ந்த தகட்டில் துளித்துளியாகப் படியும்போதுகூட ஒரு சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. படிப்பில் இதெல்லாம் எனக்கு இருந்தது. கையில் இருக்கவில்லை. அவன் பிறகு வளைகுடாவுக்குப் போய்விட்டான். என் தொழிலில் எனக்கு யாராவது எதையாவது கற்றுக் கொடுத்தார்கள் என்றால் அது அவன்தான். ஒரே ஒரு மத்தியானம்தான் பழக்கம்.

ஆகவே, எனக்குத் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தங்கப்பன் என்னிடம் கேட்ட நாளில் எனக்குப் பதில் தெரியும்.

குன்னத்துகால் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. ஒரு குடும்ப டிரஸ்ட் நடத்தியது. பிரசவ வார்டுக்கும், ஆபரேஷன் முடிந்து கிடப்பவர்களைத் துடைத்துவிடவும், துணி வெளுக்கவும் தினமும் நிறையச் சுடுதண்ணீர் வேண்டும். அதுவரை விறகு பாய்லர்தான். அதைப் பார்த்துக்கொண்டவர் தங்கப்பன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருடம் ரப்பர் பால்வெட்டியவர். சரிவில் ஏறியிறங்கி முழங்கால் தேய்ந்துபோனதால் இனி மரத்துக்கு மரம் நடக்க முடியாது என்று ஆனபிறகு இந்த வேலைக்கு வந்தவர். வேறு எங்கே போனாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு வேலை கிடைக்காது. அவருக்கும் தெரியும், ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

நம் இயந்திரம் லாரியில் வந்து இறங்கிய அன்று கேன்டீன்காரி அவரைப் பார்த்துச் சொன்னாள்: “தங்கப்பண்ணே, இனி வெறகு வேண்டாமாம். மிச்சம் கெடக்குத அடுப்புல உம்மைத்தான் வைக்கப் போறாவ.”

“வச்சா நல்லா எரிவேன் பிள்ளே. உடம்புல அவ்வளவு ரப்பர்பால் ஊறியிருக்கு,” என்றார்.

நிர்வாகி நல்ல மனிதர். பாய்லரை நிறுத்தினாலும் தங்கப்பனை நிறுத்தவில்லை. புது இயந்திரத்தைக் கவனிப்பவர் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டார். தங்கப்பன் அதை மிகப் பெரிதாக எடுத்துக்கொண்டார். மீன மாதத்து, அதாவது பங்குனி வெயிலில் நான் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிய அன்று, அந்த முழங்காலோடு என் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறி வந்தார். தகடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“சாரே, இது எதுல சூடாவுது?”

“வெயில்ல.”

“அப்பம் மழைக்கு?”

கீழே இருந்து நிர்வாகி சாயா குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாகம்.

“மழைக்குக் கரண்டுல ஓடும்,” என்றேன்.

அவ்வளவுதான். மூன்று சொல். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. மழையிலும் கம்ப்ரசர் கரண்டில்தான் ஓடுகிறது, வெயிலிலும் கரண்டில்தான் ஓடுகிறது. தகடு மழையிலும் வேலைசெய்கிறது, அப்போதுதான் அதற்குக் காற்று மிக அதிகமாக வேண்டும். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சாயா குடிக்கப் போனேன்.

நம் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘இயந்திரத்தைக் கவனிப்பவருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது: ஆம், இல்லை.’ நான் ‘ஆம்’ என்பதில் குறிபோட்டேன். தங்கப்பன் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, மலையாளத்தில் மெதுவாக, கோணாமல் கையெழுத்துப் போட்டார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த மாதம் முழுதும் கணக்கு நான்கைத் தொட்டது. நான் போனைத் திறந்து திறந்து பார்த்தேன்.

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்ததும் கணக்கு விழுந்தது. மூன்றுக்குக் கீழே வரும் என்று எதிர்பார்த்தேன். அது இரண்டுக்குக் கீழே போனது. வார்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று நிர்வாகி கூப்பிட்டார். அடுத்த நாள் தங்கப்பன் கூப்பிட்டார்.

“சாரே, வெள்ளம் சூடு பிடிக்கல்ல. மெசினுக்க சத்தமும் சரியில்ல. முக்குது.”

“மழைக்காலம்லா தங்கப்பன். அப்படித்தான் இருக்கும்.”

“ஒண்ணு வந்து பாத்தியண்ணா கொள்ளாம்.”

“வாறேன்.”

போகவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். மறுபடி வாறேன் என்றேன். என் வீடு பாறசாலையில். அங்கே இருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். போக முடியாத தூரம் இல்லை.

ஏன் போகவில்லை என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கே போனாலும் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரிப்பார். எண்கள் விசாரிப்பதில்லை. வீட்டில் சன்னலைச் சாத்திக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. மழைச் சத்தம், கையில் போன், அதில் ஒரு கோடு. வேறு மனிதர் யாரும் இல்லை. அதை வேலை என்று சொல்லிக்கொண்டேன். நம் தொழிலில் இது மிகச் சுலபம். தனியாக இருக்க விரும்புகிறவனுக்கு எண்களைப்போல நல்ல கதவு வேறு இல்லை.

அந்தக் கோட்டையாவது ஒழுங்காகப் பார்த்தேனா? இல்லை. அது பதினாறு நாளும் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவு மேகம் மூடினாலும் பகலுக்கும் இரவுக்கும் ஒரு வித்தியாசம் தெரியும். மத்தியானம் கோடு கொஞ்சம் எழும்பும், விடியற்காலையில் தாழும். இந்தக் கோடு தட்டையாகக் கிடந்தது. பகலும் இல்லை, இரவும் இல்லை. வெளியுலகமே இல்லாத இடத்தில் இருப்பதுபோல அந்தத் தகடுகள் இருந்தன. மழை என்று சொல்லி அதைக் கடந்து போனேன்.

பதினாறாவது நாள் காலையில் கம்ப்ரசர் இறுகி நின்றுவிட்டது. அப்போது போனேன்.

பின்பக்கம் ஏணியின் கீழே துப்புரவு செய்யும் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: “சாரே, ஆசுபத்திரியோட சேத்து ஐஸ் கம்பெனியும் தொடங்கியாச்சு போலிருக்கே.” மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் புரியவில்லை. ஏறினேன்.

எல்லாத் தகடுகளும் பிளாஸ்டிக்கில் இருந்தன.

நீங்கள் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். மழைக்கு முன்னால் ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டி, விளிம்பைக் கறுப்புப் பசையால் ஒட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்தில் ஒரு துளி மழை இறங்கினால் பால் கெட்டுப்போகும். அதே பிளாஸ்டிக், அதே பசை. மேலும் கீழுமாகப் பொதிந்து, மூலைகளை மடித்து, மடிப்புக்கு மேலே பசை தடவி, ஒரு தகடு விடாமல் கட்டியிருந்தது. இவ்வளவு சுத்தமான கைவேலையை என் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை. பிளாஸ்டிக்கை ஒரு ஓரத்தில் தூக்கிப் பார்த்தேன். தகடுகளின் மேல் வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தது. குன்னத்துகாலில், ஐஸ். காற்று கிடைக்காத தகடு தன்னையே தின்றுகொண்டு குளிர்ந்து உறைந்திருந்தது. ஆவியாகாத திரவம் அப்படியே கீழே இறங்கி கம்ப்ரசரைக் கொன்றிருந்தது.

தங்கப்பன் என் பின்னால் ஏறி வந்து நின்றார். தலையில் ஒரு துண்டு. முகத்தில் பெருமை இருந்தது.

“ஆரு இதை மூடச் சொன்னா?”

“ஆரும் சொல்லல்ல சாரே. வெயிலு இல்லாதப்பம் இதுக்கு வேலை இல்லியே. சும்மா நனைஞ்சு துருப்பிடிக்கண்டாம்ணு. மரத்துக்குப் போடுததுபோலயாக்கும் போட்டிருக்கேன். ஒரு துள்ளி இறங்காது.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “மழைக்குக் கரண்டுல ஓடும்ணு சாரு சொன்னியளே?”

அது குற்றச்சாட்டு இல்லை. தான் யோசித்த வழியை அவர் எனக்குக் காட்டினார். அதில் ஒரு தவறும் இல்லை. நான் கொடுத்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். இரண்டு நாள் விடுப்பு எடுத்து, தன் கையால் செய்திருந்தார்.

அங்கேயே அவரை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். அவரும் மறுபக்கம் இருந்து கிழித்தார். மழை பெய்துகொண்டே இருந்தது.

கீழே இறங்கியதும் நிர்வாகி எழுத்தில் காரணம் கேட்டார். நான்கு மணிக்கு டிரஸ்ட்காரர்கள் வருகிறார்கள், இயந்திரத்தை வைத்துக்கொள்வதா, பழையபடி விறகுக்குப் போவதா என்று தீர்மானிக்க வேண்டும் என்றார். எங்கள் அலுவலகத்திலிருந்து மேலாளர் போனில் வந்தார்.

“நம்ம தப்பா, அவங்க தப்பா? எனக்கு அது மட்டும் சொல்லுங்க.”

“அப்படி ஒரு பக்கமாச் சொல்ல முடியாது சார்.”

“சொல்ல முடியணும். இன்னும் மூணு ஆஸ்பத்திரி இதைப் பாத்துட்டு இருக்கு. ஒரு வரி போதும்.”

மூன்று ஆஸ்பத்திரி என்றது என் பத்து வருட உழைப்பு. மழைக்காலத்தில் இது ஓடாது என்று எல்லோரும் சொன்னபோது ஓடும் என்று தனியாக நின்று சொன்னவன் நான். பார்மசிக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் மேசை கொடுத்தார்கள். தங்கப்பன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“சாரே, எனக்குத் தெரியாதுண்ணு ஒரு வரி எழுதணும். அது போதும். பொறவு அவிய என்ன செஞ்சாலும் செய்யட்டு.”

“பாக்கேன். நீங்க போங்க.”

நாங்கள் சைவ வெள்ளாளர் குடும்பம். பழைய திருவிதாங்கூர் அரசாங்கத்தில் மூன்று தலைமுறை கச்சேரி எழுத்து, அரசு அலுவலகக் குமாஸ்தா வேலை. எங்கள் வீட்டில் யாரும் பொய் எழுத மாட்டார்கள். உண்மையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நான் எழுதிய வரி இதுதான்: ‘கூரைத் தகடுகள் பணியாளரால் முழுமையாக மூடப்பட்டதே பழுதுக்குக் காரணம்.’

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஏன் மூடினார் என்று இல்லை. யார் சொல்லாமல் விட்டார் என்று இல்லை. அந்த வரியைப் படிக்கிறவர் தனக்குப் பிடித்த காரணத்தை உள்ளே போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டார்கள்.

நிர்வாகி படித்துவிட்டுக் கோப்பில் இருந்து மீன மாதத்துப் படிவத்தை எடுத்தார். தங்கப்பனைக் கூப்பிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன்.

“இது நீங்க போட்ட ஒப்புதானே?”

“ஆக்கும்.”

“பயிற்சி தந்தாங்கண்ணு இதுல உண்டு. பொறவு எதுக்கு மூடினீங்க?”

தங்கப்பன் படிவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இப்போது சார் சொல்வார் என்று காத்திருப்பதுபோலப் பார்த்தார். நீங்கள் எவ்வளவு நேரம் என்று கேட்கலாம். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் என் கையில் இருந்த தாளில் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சரிபார்க்க அதில் ஒன்றும் இல்லை.

“எனக்குத் தெரியல்ல,” என்றார் தங்கப்பன் கடைசியில்.

நான் எழுதிய வரி அந்த நான்கு மணிக்கு இயந்திரத்தைக் காப்பாற்றியது. தங்கப்பனை மாத முடிவில் நிறுத்தினார்கள். புது கம்ப்ரசர் வைத்தோம். தகடுகள் திறந்து கிடந்ததும் அந்தக் கொட்டும் மழையிலேயே கணக்கு மூன்றை நெருங்கியது. நான் சொன்னது சரி என்று நிரூபணமானது. மூன்று ஆஸ்பத்திரிகளும் வந்தன. ஒரு கூட்டத்தில் மேடையேறி அந்த மழைக்கால அளவுகளைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். பேசிவிட்டு ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு வந்து, பார்சல் வாங்கிய பொறோட்டாவைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தின்றேன். யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான் வைத்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று ஆசைப்பட்டு என்னிடம் கேட்ட ஒரே மனிதரின் பெயரில் விரல் நின்றது. கூப்பிடவில்லை.

அதன்பிறகு எந்த வேலைக்குப் போனாலும் கூரைக்கு முதலில் ஏறினேன். நல்ல பழக்கம்தான். ஆனால் அதை வைத்து என்னைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கூரையில் மனிதர் யாரும் இல்லை, அதனாலும் ஏறினேன். பத்து, பன்னிரண்டு தகடுகளுக்கு நடுவில் நான் மட்டும். தூரத்தில் தென்னை மட்டை அசையும். கீழே யாரோ யாரையோ பெயர்சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். என் பெயராக இருக்காது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். எனக்கு ஒரு சால்வை போட்டார்கள், அது உங்களுக்குத் தெரியும். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. என் போனில் அந்தக் கோடுகளைப் பார்க்கும் அனுமதியை அலுவலகத்தில் நிறுத்திவிட்டார்கள். பார்க்க ஒன்றும் இல்லாமல் ஆனபோது எழுந்து தங்கப்பனைத் தேடிப் போனேன். அதற்குள் ஏழு வருடம் ஆகியிருந்தது. மனசாட்சி என்று சொல்லாதீர்கள். வேறு போக்கிடம் இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

காரோடு என்ற ஊரில் அவருடைய மனைவியின் பங்கு நிலத்தில் சின்ன வீடு. தங்கப்பன் இப்போது ஒரு ஹாலோபிளாக் களத்தில் பகல் காவலுக்கு இருக்கிறார். அன்று ஞாயிறு, வீட்டில் இருந்தார். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன்.

“வாங்க சாரே. வழி தப்பி வந்தியளா?”

“இல்ல. உங்களைப் பாக்கத்தான்.”

“எதாவது மெசினு கெட்டுப்போச்சா?” என்று கேட்டுச் சிரித்தார்.

அவருடைய மனைவி சரோஜம் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை, தெரிந்திருந்தது. பால் விடாத கட்டஞ்சாயா இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது.

“தங்கப்பன், அண்ணைக்கு நடந்தது எனக்க தப்பாக்கும்.”

“அது எனக்கு அண்ணைக்கே தெரியும்லா.”

“பொறவு ஏன் அந்த ரூமுல சொல்லல்ல?”

“சாரு சொல்லுவியண்ணு நெனச்சேன்.” சாயாவை ஒரு வாய் குடித்தார். “நான் சொன்னா ஆரு நம்புவா? ஒப்பு என்னுது.”

ஆஸ்பத்திரிக்கு இப்போதாவது எழுதித் தருகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன். தாளும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன். எழுதித்தான் பழக்கம்.

“அங்க எழுதி இனி என்ன செய்ய சாரே? என்னைத் தெரிஞ்ச ஒரு ஆளு இப்பம் அங்க இல்ல.” உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். “வெறகடுப்பை எடுத்துப்போட்ட கோவத்துல நான் வேணும்ணே மூடினேண்ணு ஆசுபத்திரி முழுக்கப் பேசினாவ. அது இங்கயும் வந்து சேந்துது. இவளும் அதைத்தான் நம்பிட்டு இருக்கா. ஏழு வருசமாச்சு. ‘கெடச்ச சோத்துல மண்ணை வாரிப்போட்ட மனுசன்’ண்ணு ஒரு நாள் சொன்னா. பொறவு சொல்லல்ல. ஆனா அது மனசுல கெடக்கு. எனக்குத் தெரியும்.” கிளாஸைக் கீழே வைத்தார். “எழுதண்டாம். இவகிட்ட வாயால சொல்லுங்க. அது போதும்.”

பிறகு குரலை உயர்த்தினார். “எடி, இஞ்ச ஒண்ணு வா. சாருக்கு என்னமோ சொல்லணுமாம்.”

சரோஜம் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன். அந்த மீன மாதத்து நாளில் இருந்து தொடங்கவில்லை. முதலில் அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொன்னேன். அது தெரியாமல் மற்றது புரியாது. உள்ளே ஓடும் திரவம், அது வெளியே இருந்து சூட்டை இழுப்பது, இழுத்த சூட்டை மறுபக்கம் கொண்டுபோய் விடுவது. பாதியில் அவர் நிறுத்தினார்.

“பிரிட்ஜுக்க பொறத்தால கைவச்சா சூடா இருக்குமே. அதுபோலயா?”

“அதேதான். உள்ளே இருக்கிய சூட்டை எடுத்து வெளியே விடுது. இது வெளியே இருக்கிய சூட்டை எடுத்து வெள்ளத்துக்குக் குடுக்கும்.”

“அப்பம் வெளியே இருக்கியதை மூடிப்போட்டா?”

“எடுக்க ஒண்ணும் கெடக்காது. கெட்டுப்போவும்.”

“மழையிலயும் எடுக்குமா?”

“எடுக்கும். வெயிலு மட்டும்தான் வேணும்ணு இல்ல.”

அவர் தலையசைத்தார். கணவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

“இவரு இதை உங்ககிட்ட கேட்டாரா?”

“கேட்டாரு. தகடு பக்கத்துல நிண்ணு கேட்டாரு.”

“நீங்க சொல்லல்ல.”

“சொல்லல்ல. வெயில்ல சூடாவும், மழைக்குக் கரண்டுல ஓடும்ணு மட்டும் சொன்னேன். அவரு அதை நம்பி, கெட்டுப்போகண்டாம்ணு மூடினாரு. பழுதானப்பமும் நான் சொல்லல்ல. அவரு மூடினாருண்ணு மட்டும் எழுதிக் குடுத்தேன்.”

முற்றத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. தங்கப்பன் முழங்காலில் கையை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பம் எனக்குச் சொன்னியளே,” என்றார் சரோஜம். “இதுபோல அண்ணைக்கு அவருக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?”

யோசிக்க ஒன்றும் இல்லை.

“அஞ்சு நிமிசம்.”

அவர் கதவு நிலையை விட்டுவிட்டு முற்றத்துக்கு இறங்கி வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த கணவரின் கிளாஸைக் குனிந்து எடுத்து, விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தார்.

“ஆறிப்போச்சு. வேற போட்டுத் தாறேன்,” என்றார் அவரிடம்.

அந்தக் கிளாஸை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என்னுடையதும் ஆறித்தான் போயிருந்தது. அது என் கையிலேயே இருந்தது.